டிரெய்லரில் கட்டிய பெட்டி

காலி டிரெய்லரின் இழுவைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்த அலுமினியப் பெட்டியையே பார்த்தபடி, தங்கமணி டிராக்டரின் மட்கார்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கல்லூரிக்குக் கட்டிப்போகும் காட்டன் புடவை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கையால் சீட்டின் முதுகைப் பிடித்திருந்தாள். பெட்டி ஒரு சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். மூடியில் போட்டிருந்த ஓட்டைக்குள் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பச்சை சிமிட்டும்வரை உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இடையில் ஒரு கணம் செத்துப் பிழைத்தால் சிவப்பு எரியும். அந்தச் சிவப்பைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். வரக் கூடாது என்றும் இருந்தது, வந்து தொலைத்தால் தேவலை என்றும் இருந்தது.

டிராக்டரை ஓட்டிய அவள் கணவன் கந்தசாமி, ஊராரின் கரும்பை ஆலைக்கு வாடகைக்கு ஏற்றிப் போகிறவன். ஏற்றிப்போன சுமையை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு திரும்பும்போதுதான் வண்டி இப்படிக் குதிக்கும். பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கியே பழகிய கை, இன்றைக்குப் பள்ளமாகப் பார்த்து விட்டது. மனைவி அப்படித்தான் கேட்டிருந்தாள். பெட்டியைப் படுக்கப் போட்டுக் கட்டி இரண்டு நடை போய் வந்தாகிவிட்டது. பச்சை பச்சையாகவே இருந்தது. மூன்றாவது நடைக்கு அதை நிமிர்த்தி, ராக்கெட்டுக்குள் எப்படி நிற்குமோ அப்படி நிற்க வைத்துக் கட்டியிருந்தாள்.

வாய்க்கால் மதகைத் தாண்டும்போது டிரெய்லர் ஒரு துள்ளு துள்ளியது. ஓட்டைக்குள் சிவப்பு எரிந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

அவன் நிறுத்தினான். சிவப்பு அணைந்து பச்சை மறுபடி சிமிட்டத் தொடங்கியிருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சிங்க. திருப்பிக்கினு வந்து இன்னொரு வாட்டி வுடுங்க."

இன்னொரு வாட்டி விட்டான். மறுபடியும் சிவப்பு. அதற்குப் பிறகும் ஒரு வாட்டி. மதகுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக டிராக்டர் போய் வருவதைக் கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி மாயவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கந்தசாமி, பாலத்துல எதனா வுழுந்துட்ச்சா?"

"இல்ல மாமா. எம் பொண்டாட்டி ராக்கெட்டு வுடுறா."

மாயவன் சிரிக்கவில்லை. டிரெய்லரை ஒரு பார்வை பார்த்தார். மட்கார்டில் உட்கார்ந்திருந்த டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். "சூதானமா வுடுங்க," என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தங்கமணி எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தாள். அந்தக் கல்லூரியும் வேறு இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஒரு ராக்கெட் செய்திருந்தன. விண்வெளிக்கெல்லாம் போவதில்லை. விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் வரை ஏறி, மேலே காற்று எப்படியிருக்கிறது என்று அளந்துவிட்டு, குடை விரித்துக் கடலில் வந்து இறங்க வேண்டும். ராக்கெட்டின் எஞ்சின் கடலூர்ப் பக்கத்துக் கல்லூரியைச் சேர்ந்த அரங்கநாதன் பொறுப்பு. மொத்தத்துக்கும் தலைவர் அவர்தான். உள்ளே உட்காரும் கம்ப்யூட்டர் தங்கமணி பொறுப்பு. உயரத்தைக் கணக்குப் பண்ணுவது, உச்சிக்குப் போனதும் குடையை விரிக்கச் சொல்வது, போகும் வழியெல்லாம் பார்த்ததை ரேடியோவில் கீழே சொல்லிக்கொண்டே இருப்பது, எல்லாம் அந்தப் பெட்டியின் வேலை.

போன வருஷம் ஒரு முறை விட்டார்கள். கடற்கரையில் கூடியிருந்தவர்கள் கைதட்டி முடிப்பதற்குள் பெட்டி செத்துப் பிழைத்துவிட்டது. அது தன் ஒவ்வொரு செய்தியோடும் ஓர் எண்ணையும் அனுப்பும். சுவிட்சைப் போட்ட நேரத்திலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்ற எண். ஏறிக்கொண்டே போன அந்த எண் சட்டென்று பூஜ்யத்துக்கு வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாக எண்ண ஆரம்பித்ததைத் தங்கமணி திரையில் பார்த்தாள். பிழைத்தெழுந்த கம்ப்யூட்டருக்குத் தான் பறந்துகொண்டிருப்பது மறந்துபோயிருந்தது. தரையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு, யாராவது திரி வைப்பார்கள் என்று நடுவானத்தில் காத்துக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போனது தெரியவில்லை. விழத் தொடங்கியதும் தெரியவில்லை. குடையை விரிக்கச் சொல்லவே இல்லை. இப்போது விரியும், இப்போது விரியும் என்று கரையில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கழுத்து வலித்துத் தலையைத் தாழ்த்தியவர்கள் ஒவ்வொருவராக அவள் பக்கம் பார்த்தார்கள்.

யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அரங்கநாதன் பக்கத்தில் வந்து, "பரவால்ல மேடம்," என்றார். நல்ல மனுஷர், மனதாரச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பரவாயில்லை ஒரு வருஷமாக அவள் காதில் கிடந்தது. பெட்டி கடலுக்கடியில். ஏன் செத்தது என்று அதைத் திறந்து பார்க்க வழியில்லை. சூடு என்று நினைத்தாள், குளிர் என்று நினைத்தாள், தான் எழுதிய நிரலில் பிழை என்று நினைத்து வரி வரியாகப் படித்தாள். ஆட்டிப் பார்க்கும் எந்திரம் சென்னையில் இருக்கிறது. அதற்கு முறை வர மாதக்கணக்காகும். அதைச் சொல்லி அவள் அலுத்துக்கொண்ட ஒரு நாள்தான், சோற்றைப் பிசைந்தபடியே கந்தசாமி, "ஆட்டித்தான பாக்கணும்? நம்ம டிரெய்லர வுடவா ஒண்ணு ஆட்டும்?" என்று கேட்டான்.

மதகிலிருந்து திரும்பியதும் வாசலிலேயே வைத்துப் பெட்டியைத் திறந்தாள். காரணம் கண்ணெதிரேயே இருந்தது. பேட்டரியை ஒரு ஸ்பிரிங் பிடித்திருந்தது. டார்ச் லைட்டில் இருக்குமே, அதே மாதிரி. கட்டைவிரலால் பேட்டரியை அழுத்தி விட்டாள். மேலே முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு முடி அளவு சந்து விழுந்து மூடியது. கீழேயிருந்து தூக்கி அடித்தால் பேட்டரி ஸ்பிரிங்கின் மேல் உட்காரும். அந்த முடியளவு நேரம் மின்சாரம் நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது போதும். டிரெய்லரே இப்படி அடிக்கிறதென்றால் ராக்கெட் எப்படி அடித்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. விரலை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் எங்கெங்கோ ஆகாயத்தில் தேடியது இந்த ஸ்பிரிங்குக்குள் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பெட்டிக்குள் அசையக்கூடிய ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. பேட்டரி முனைகளில் உலோகப் பட்டையை வைத்து ஒட்டவைத்தாள். செருகி எடுக்கும்படி இருந்ததையெல்லாம் நிரந்தரமாகப் பற்றவைத்தாள். உயரமாக நின்ற பாகங்களின் காலடியில் கெட்டிப் பசையை ஊற்றி இறுக வைத்தாள். மறுபடி மதகில் விட்டுப் பார்த்தபோது கந்தசாமிக்கு முதுகெலும்பு கழன்றுவிடும்போல் இருந்தது. பச்சை மாறவில்லை.

அடுத்தது காற்று. மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். குளிரைப் பற்றி அவளுக்கு இப்போது பயமில்லை. குளிர் ஏறி உள்ளே வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். பயம் சூட்டைப் பற்றித்தான். கள்ளக்குறிச்சியில் ஏசி மெக்கானிக் பிச்சைமுத்துவிடம், குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்ப் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி வந்து, மாமியாரின் பெரிய குக்கரின் விசில் துளையில் குழாயைப் பொருத்தி, உள்ளே பெட்டியை வைத்து மூடி, காற்றை உறிஞ்சவிட்டாள். பிச்சைமுத்துவும் கூடவே வந்து பம்பின் மேல் கை வைத்தபடி நின்றார். குக்கரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, பம்பைப் பற்றித்தான்.

"ஏம்மா, குளுந்த எடத்துக்குத்தான போவுது அது? அப்புறம் எப்பிடி சூடாவும்?" என்றார்.

"சூட்டை எடுத்துக்கினு போறது காத்துதாண்ணே. அங்க காத்து இல்ல. வர்ற சூடு வந்த எடத்துலயே நின்னுடும்."

சொன்னபடியேதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் ரேடியோச் சில்லு கொதித்துப்போய்ப் பேச்சை நிறுத்திவிட்டது. திறந்து தொட்டவள் கையை உதறினாள். அந்தச் சில்லின் முதுகிலிருந்து பெட்டியின் சுவர்வரைக்கும் தடித்த செம்புப் பட்டை ஒன்றை வளைத்துப் போட்டாள். சூடு அதன் வழியே இறங்கிச் சுவருக்குப் போய்விடட்டும் என்று. குக்கருக்குள் மறுபடி வைத்தபோது கடைசிவரை பேசியது.

"கொழம்பு வைக்கிற பொழுதாவுது, குக்கர எங்க எடுத்துக்கினு போனா இவ?" என்று உள்ளே மாமியார் கொளஞ்சியம்மாள் கேட்பதும், "தோ குடுத்துடுவா இரு," என்று கந்தசாமி சொல்வதும் கேட்டன.

அவன் இப்படி எல்லாவற்றுக்கும் முட்டுக்கொடுத்து நிற்பதுதான் தங்கமணிக்கு விளங்கவில்லை. சின்ன ராக்கெட்டுகள் செய்யும் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. கம்ப்யூட்டர் வழியாகவே இரண்டு முறை பேசினார்கள். இந்த முறை பெட்டி எப்படிப் பறக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவாகச் சொல்கிறோம் என்றார்கள். அதை அவள் கந்தசாமியிடம் மோட்டார் கொட்டகையில் வைத்துச் சொன்னாள். அவன் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடிவிட்டு, "மொதல்ல இது பறக்கட்டும்," என்றான். அவ்வளவுதான். அதன் பிறகு அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

அப்பா விட்டுப்போன கரும்புக் கொல்லையையும் கிணற்றையும் விட்டு அவன் எங்கேயும் இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாயிற்று, குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரில் நடந்த பேச்சு எதையும் அவன் வாசற்படி தாண்டி உள்ளே வரவிட்டதில்லை. வேண்டாம், போகாதே என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சண்டைக்கான வார்த்தைகள்கூட அவளிடம் தயாராக இருந்தன. அவனோ மதகின் மேல் டிரெய்லரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பெட்டி பிழைக்கப் பிழைக்க அவள் தன்னை விட்டுத் தூரம் போகிறாள் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? சில சமயம், தெரியாதவனாக இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாளை ராக்கெட்டுக்குக் குறித்தார்கள். இந்த முறை கடற்கரைக்கு வரவில்லை என்று தங்கமணி அரங்கநாதனிடம் சொல்லிவிட்டாள். கரையில் நிற்பவர்களுக்கு நேர் மேலே ஏறும் ராக்கெட்டின் வால்தான் தெரியும். அங்கே ரேடியோ சரியாகக் கேட்காது. தொலைவில், உயரமான ஓரிடத்திலிருந்து பக்கவாட்டில் கேட்டால் நன்றாகக் கேட்கும். கல்வராயன் மலையின் கிழக்கு ஓரத்துக்கும் கடலுக்கும் நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. நான் மலைமேல் இருந்து கேட்கிறேன், என்றாள். சொன்னதெல்லாம் உண்மைதான். அண்ணாந்து பார்க்கும் அந்தக் கழுத்துகளுக்கு நடுவில் இன்னொரு முறை நிற்க முடியாது என்பதும் உண்மை. அதை மட்டும் சொல்லவில்லை.

கந்தசாமியின் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் அதே நாளைக்கு வந்தது. வருஷத்தில் ஒரு நாள். கொல்லைக்காரன் பக்கத்தில் நிற்காவிட்டால் அடிக்கட்டையை உயரமாக விட்டு வெட்டிவிடுவார்கள், எடை போய்விடும்.

"நான் ஜீப்புல போயிக்கிறங்க. நீங்க கொல்லையப் பாருங்க," என்றாள்.

"அந்த ஆன்டெனாக் கம்பிய யாரு புடிப்பா? மாயவன் மாமா பாத்துக்குவாரு."

"கொல்லைக்காரன் இல்லாம ஒரு கரும்பு வெட்டா?" என்றாள் கொளஞ்சியம்மாள். அவளே கொஞ்ச நேரம் கழித்து, தலைத்துண்டை எடுத்துக்கொண்டு தான் போய் நிற்பதாகச் சொன்னாள்.

விடிந்து பனி விலகும்போது பைக்கில் மலை ஏறினார்கள். மீன் முள் மாதிரி குறுக்குக் கம்பிகள் வைத்த ஆன்டெனாவை ஒரு மூங்கிலில் கட்டி, பின்னால் உட்கார்ந்த தங்கமணி மடியில் குறுக்கே போட்டுப் பிடித்திருந்தாள். மேலே ஏறியதும் வெள்ளிமலைச் சாலையை விட்டு இறங்கி, அவள் முன்பே வந்து பார்த்து வைத்திருந்த பாறைக்கு வந்தார்கள். கிழக்கே மலை சட்டென்று இறங்கி, சமவெளி முழுக்கப் புகைபடிந்த கண்ணாடிபோலத் தெரிந்தது. பாறை நிறையச் சாமை காயப்போட்டிருந்தது. காவலுக்கு ஒரு கழியோடு உட்கார்ந்திருந்தவள் பெயர் குஞ்சம்மாள். அவள் நிலம், அவள் பாறை.

தங்கமணி விஷயத்தைச் சொல்லி ஒரு மூலை இடம் கேட்டாள். குஞ்சம்மாள் ஆன்டெனாவைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"எங்க வுடுறாங்க அத?"

"கடலூரு பக்கம். கடக்கரையில."

"அத இங்கருந்து பாக்க முடியுமா?"

"பாக்க முடியாதுங்கம்மா. அது பேசறதக் கேக்கலாம்."

"பேசிட்டு வூட்டுக்கு வந்துடுமா?"

"வராது. கடல்ல வுழுந்துடும்."

குஞ்சம்மாள் யோசித்தாள். "அப்ப அது சொல்றத ஒயுங்கா கேட்டுக்கணும்," என்று சொல்லிவிட்டு, காலால் சாமையை ஒதுக்கி மடிக்கணினி வைக்க இடம் பண்ணிக்கொடுத்தாள்.

போன் ஒரு கோடுதான் எடுத்தது. அரங்கநாதன் கூப்பிட்டு, இன்னும் சற்று நேரத்தில் திரி வைக்கப்போகிறோம் என்றார். கந்தசாமி பாறை விளிம்பில் காலை அகட்டி நின்று மூங்கிலைக் கிழக்கே நீட்டிப் பிடித்தான். தங்கமணி திரைக்கு முன்னால் குந்தியிருந்தாள். திரை வெறுமையாக இருந்தது. ராக்கெட் தரையில் நிற்கும்வரை அதன் குரல் இங்கே எட்டாது. பூமியின் வளைவு நடுவில் மறைக்கும். மேலே எழும்பி அந்த வளைவைத் தாண்டினால்தான் கேட்கும். அதனால் கூச்சலும் இல்லை, புகையும் இல்லை, பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணுவதும் இல்லை. ஒரு காக்கை சாமைக்கு இறங்கப் பார்த்தது. குஞ்சம்மாள் கழியைத் தட்டினாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு மளமளவென்று வரிகள். அவள் உயரத்தைப் பார்க்கவில்லை, வேகத்தைப் பார்க்கவில்லை. ஓரத்து எண்ணை மட்டும் பார்த்தாள். காலையில் சுவிட்சைப் போட்டதிலிருந்து ஓடி வந்த நாலு இலக்க எண், ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. போன வருஷம் செத்த இடத்தைத் தாண்டியது. எஞ்சின் அடித்த அடி வரைபடத்தில் புதர் மாதிரித் தெரிந்தது. டிரெய்லரெல்லாம் அதன் முன் தொட்டில். எரிந்து முடிந்தது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே வந்தது, பாதி, கால், அதற்கும் கீழே. ரேடியோவின் சூடு கொஞ்சம் ஏறி நின்றது. செம்பு தன் வேலையைச் செய்கிறது. உச்சி நெருங்கியது. 'குடை' என்று ஒரு சொல் திரையில் வந்தது.

அதோடு வரிகள் நின்றுவிட்டன.

அவள் காத்திருந்தாள். திரை அசையவில்லை. கந்தசாமி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். மூங்கிலைக் கொஞ்சம் மேலே தூக்கினான், கொஞ்சம் கீழே இறக்கினான். ஒன்றும் வரவில்லை. போன் அடித்தது.

"மேடம், எங்களுக்கு சிக்னல் கட் ஆயிடுச்சு," என்றார் அரங்கநாதன். பின்னால் கூட்டத்தின் சத்தம் குறைந்துகொண்டே வருவது கேட்டது. "உங்களுக்கு?"

"எனக்கும் நின்னுடுச்சு சார்."

"மறுபடியும் ரீசெட்டா?"

"தெரியல."

அவர் பெருமூச்சு விட்டார். "பரவால்ல மேடம். இந்தவாட்டி ரொம்ப தூரம்..."

அவள் போனைப் பாறைமேல் வைத்துவிட்டாள். செத்திருந்தால் பிழைத்து ஒன்றிலிருந்து எண்ணியிருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. எல்லாம் பற்றவைத்தது, கழல ஒன்றுமில்லை. எங்கே போயிருக்கும்? குடை விரிந்தால் ராக்கெட் இரண்டாகப் பிரியும். இரண்டு துண்டும் இடுப்பில் கட்டிய கயிற்றில் தொங்கும். எப்படித் தொங்கும்? கொல்லையில் அதே மாதிரி நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கட்டைகள் அவள் கண்முன் வந்தன. ஒன்றுகூட நிமிர்ந்து தொங்காது. படுத்துத்தான் தொங்கும். இவ்வளவு நேரம் நின்றுகொண்டு பேசியது இப்போது படுத்துக்கொண்டு பேசுகிறது. நாம் இன்னும் நின்றவாக்கிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கம்பியத் திருப்புங்க," என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"பக்கம் மாத்தாதீங்க. அப்பிடியே முறுக்குங்க. நிக்கிற கம்பி படுக்கணும்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்தவாக்கிலேயே கால் சுற்று முறுக்கினான். மீன் முள் படுத்தது.

திரையில் ஒரு வரி விழுந்தது.

அவள் ஓரத்து எண்ணைப் பார்த்தாள். பூஜ்யமில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கடைசியாகப் பார்த்த எண்ணோடு, மௌனமாயிருந்த நேரம் முழுக்கச் சேர்ந்த எண். யாரும் கேட்காதபோதும் அது எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அடுத்த எண் வந்தது. அடுத்தது. உயரம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. குடையில் இறங்குகிற வேகம்.

போனை எடுத்தாள். அரங்கநாதன் இன்னும் வைக்கவில்லை.

"சார், பேசிக்கினு இருக்குது," என்றாள். கல்லூரியில் பேசும் பேச்சு நாக்கில் வரவில்லை. "சாவல சார். மேலருந்து பேசிக்கினே எறங்குது."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ என்னவோ கத்தினார். பிறகு அங்கே எழுந்த சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

அது இறங்கி முடிய வெகுநேரம் பிடித்தது. கந்தசாமியின் பிடியில் மூங்கில் தாழத் தொடங்கியதும் குஞ்சம்மாள் எழுந்து வந்து மூங்கிலின் அடியைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். மேகத்துக்குள் நுழைந்தது, ஈரம் ஏறியது, மேகத்தை விட்டு வெளியே வந்தது, காற்று கனத்தது, எல்லாவற்றையும் பெட்டி சொல்லிக்கொண்டே வந்தது. பிறகு பூமியின் வளைவுக்குக் கீழே போய், ஒரு வரியின் பாதியில் நின்றது. இந்த முறை அதற்குக் காரணம் தெரிந்திருந்தது.

குஞ்சம்மாள் தோளைத் தடவிக்கொண்டு, "கேட்டுக்கினியா எல்லாத்தையும்?" என்றாள்.

"கேட்டுக்கினங்கம்மா."

அவள் தலையாட்டிவிட்டுச் சாமையைக் கிளறப் போனாள். கந்தசாமி பாறையில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்துப் போட்டிருந்தான். தங்கமணி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கொல்லையில் இந்நேரம் பாதி வெட்டியிருப்பார்கள்.

"கூப்புடுவாங்க இல்ல, அந்த பெங்களூர்க்காரங்க?" என்றான் அவன், வானத்தைப் பார்த்தபடி.

"கூப்புடுவாங்க."

"நீ இன்னா சொல்லப்போற?"

"நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னே தெரியாம நான் இன்னாத்த சொல்றது? இவ்ளோ நாளும் வாயத் தொறக்கல நீங்க."

சாமை பாறையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போன்னு சொன்னா தள்ளி வுடுற மாதிரி ஆயிடும். போவாதன்னா புடிச்சி வெக்கிற மாதிரி ஆயிடும். ரெண்டும் எனக்கு வரல. டிராக்டரு ஓட்ட வந்திச்சி. அதான் ஓட்டுனன்."

அவள் அவன் கையை எடுத்துப் பார்த்தாள். மூங்கில் கணு பட்ட இடம் கன்றிச் சிவந்திருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சண்டைக்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள்தான் கிடைத்தன. இங்கே அவற்றுக்கு வேலையில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் மினுங்கி மினுங்கி அடங்கியது. எடுக்கவில்லை.

வெயில் ஏறியதும் கிளம்பினார்கள். குஞ்சம்மாள் ஒரு பையில் சாமை கட்டிக்கொடுத்தாள். பைக் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான் கந்தசாமி. ஒரு வளைவில் வெள்ளிமலைப் பஸ் உறுமிக்கொண்டு எதிரே ஏறி வந்தது. அவன் ஓரமாக ஒதுங்கிக் காலை ஊன்றினான். குறுக்கே கிடந்த மூங்கில் பஸ்ஸில் உரசிவிடப்போகிறதென்று தங்கமணி அதைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தாள். ஜன்னலோரத்து முகங்கள் எல்லாம் அவள் பிடித்திருந்ததையே பார்த்துக்கொண்டு போயின. படிக்கட்டில் நின்ற கண்டக்டர், "இன்னாக்கா, டிவி ஆன்டெனாவா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் வளைவில் மறைந்தான்.

பஸ்ஸின் சத்தம் மேலே ஏறித் தேய்ந்து போயிற்று. கீழே போனால் பெங்களூருக்குப் பதில் சொல்ல வேண்டும். கந்தசாமி பிரேக்கை விடவில்லை. கீழே கோமுகி அணைத் தண்ணீர் வெள்ளைத் தகடாகக் கிடந்தது. அவன் அதைப் பார்த்தபடி நின்றான். அவள் அவன் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாலை இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. ஒதுங்க வேண்டிய வண்டி ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் மூங்கிலைத் தாழ்த்தவில்லை. நிமிர்ந்து நின்ற மூங்கிலின் குறுக்குக் கம்பிகளில் காற்று புகுந்து லேசாக ஊதிக்கொண்டிருந்தது.